மூன்றாண்டு முடிவு

குழாயை மூடினால் பேச்சு கேட்கும். ஆனால் மூடினால், உள்ளே ஆள் குளிக்காமல் நிற்கிறான் என்பது வெளியே தெரிந்துபோகும். கோமதிநாயகம் குழாயை நூலாக ஒழுகவிட்டு, தலையில் சோப்பு நுரையோடு, சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்து நின்றார். அந்தச் சுவர் கூரைவரை போகாது. காற்று வேண்டும் என்று மேஸ்திரி மேலே ஒரு முழம் விட்டுவிட்டான். காற்று வந்ததோ இல்லையோ, இருபத்தெட்டு வருஷமாக முன்னறைப் பேச்சு முழுதும் வந்துகொண்டிருக்கிறது. “இல்ல சிஸ்டர், அவசரமே இல்ல. சார் நிதானமாக் குளிக்கட்டும். ஆபீஸ்லயே நிதானம்தானே அவரு.” சிஸ்டராம். எழுபத்திரண்டு வயதிலும் அவனுக்கு எல்லாரும் சிஸ்டர். ஞானசிகாமணியின் குரல் அப்படியே இருக்கிறது. நகராட்சி ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தபோது மாடியில் பேசினால் கீழே வரிவசூல் கவுண்டரில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான், அந்தக் குரல். ஆளாவது மாறியிருப்பான், பல் போயிருக்கும், தலை போயிருக்கும் என்று ஒரு ஆறுதல் இருந்தது. போன மாதம் பேப்பரில் வந்த படம் அதையும் கெடுத்தது. எதிரே இருக்கிற பொட்டலில், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே, கையில் சுருட்டிய காகிதத்தோடு நிற்கிறான். தலை நிறைய முடி. வெள்ளைதான், ஆனால் நிறைய. ‘பூங்கா இடத்தை மீட்க முதியவர் போராட்டம்.’ வடிவு அதைச் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்து இன்னொரு தடவை வாசித்தாள். ஒரு தடவை வாசித்தால் காதில் விழாதா. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் இவர் எழுதிய எதையாவது இரண்டு தடவை வாசித்திருக்கிறாளா. இவர் எழுதியதெல்லாம் ஆபீஸ் குறிப்பு, அதை எவன் வாசிப்பான், சரிதான். ஆனாலும். இப்போது டம்ளர் வைக்கும் சத்தம். எந்த டம்ளர்? எவர்சில்வர் சத்தம் இல்லை. பித்தளை டபரா. அது பரணில் இருந்ததே. எப்போது இறக்கினாள்? “ஆகா. இந்தக் காப்பிக்கு நகர்மன்றத்துல தனித் தீர்மானமே போடலாம் சிஸ்டர். எதிர்ப்பே இருக்காது.” சிரித்தாள். வடிவு சிரித்தாள். கண்ணில் நுரை இறங்கி எரிந்தது.

தண்ணீரை எடுத்து ஊற்றவேண்டியதுதானே. ஊற்றினால் அந்த நேரத்துப் பேச்சு போய்விடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எழுபது வயசு ஆள், ஈரத் துண்டோடு, சொந்த வீட்டில் ஒட்டுக்கேட்டுக்கொண்டு. யாராவது பார்த்தால் காறித் துப்புவான். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். தெரிந்துகொண்டு தலையைக் கழுவிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எதற்கு வந்திருக்கிறான் என்பதும் ஒரு மாதமாகவே வயிற்றுக்குள் தெரிந்துதான் இருந்தது. பொட்டலின் வடக்குப் பக்கம் எவனோ கல் ஊன்றிக் கம்பி இழுத்தபோதே தெரிந்தது. குடியிருப்போர் சங்கம் கேஸ் போட்டதும், பூங்காவுக்குப் பிளான் வரைந்தவன் என்று ஞானசிகாமணியைத் தேடிப்பிடித்துச் சங்கத்துக்குத் தலைவனாக்கியதும், இவன் பழைய காகிதங்களைத் தேடி நகராட்சிக்கு நடையாய் நடப்பதும் எல்லாம் வடிவு மூலம்தான் வந்தது. அவள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாய்க்கால் பாலக் கட்டையில் போய் உட்காருவாள். பக்கத்து வீட்டு லூர்து டீச்சரும் உட்காருவாள். எதிரே குப்பை, பன்றி, துருப்பிடித்த ‘பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம்’ பலகை. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பொம்பளைகளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். வேறு இடமா இல்லை. கோயில் இருக்கிறது, கடைவீதி இருக்கிறது. இல்லாத பூங்காவுக்குத்தான் போகவேண்டும் அவளுக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு இவளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்று தோன்றாது. அவன் கூப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றும்.

அவன் கூப்பிடத்தான் செய்தான். முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு இவர் சாப்பாட்டை மறந்து வந்துவிட்டார், அவள் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தாள். இவர் மேஜைக்கும் அவன் வரைகிற பலகைக்கும் நடுவில் ஒரு பீரோதான். அவன் இந்த மனைப்பிரிவுக்குப் பூங்கா வரைந்துகொண்டிருந்தான். நகர்மன்றம் தீர்மானம் போட்டு, பிளான் கேட்டிருந்தது. மற்ற டிராஃப்ட்ஸ்மேன் மரம் என்றால் அச்சுப்பலகையை வைத்து ஒரே மாதிரி வட்டம் போடுவான். இவன் கையால் போடுவான். வேம்புக்கு ஒரு சுழி, புங்கைக்கு ஒரு சுழி, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று சின்னச் சின்னக் கோடு. வெட்டி வேலை. எந்த இன்ஜினியர் அதைப் பார்த்துச் சம்பளம் கூட்டப்போகிறான். வடிவு பார்த்தாள். கேரியரை இவர் மேஜையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் பீரோவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே, நின்றாள். அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்: “சிஸ்டர், இங்க நீங்க சாயங்காலம் வந்து உக்காரணும்னா எங்க உக்காருவீங்க?” வடிவு அசந்துபோனாள். பொம்பளையிடம் யார் அந்தக் கேள்வி கேட்டார்கள் அந்த ஆபீசில். அந்த ஆபீசை விடு, எந்த வீட்டில் கேட்டார்கள். மெதுவாக விரலை வைத்தாள். தென்மேற்கு மூலை. “இங்கன உக்காந்தா எங்க மனை தெரியும். வீடு கட்டினா வாசல் தெரியும். அவுக ஆபீஸ் விட்டு வாறதும் தெரியும்.” அவன் அந்த விரல் இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டான், மேலே ஒரு புங்கை போட்டான். “முடிஞ்சுது. இது உங்க பெஞ்சு சிஸ்டர். வேற யாரையும் உக்கார விடாதீங்க.” அவள் என்ன சொன்னாள் என்பதும் இவருக்கு ஞாபகம் இருக்கிறது, ‘அவுக வாறதும் தெரியும்’ என்றது ஞாபகம் இருக்கிறது. அது வேறு. கேட்டது அவன். இவர் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளிடம் எங்கே உட்காருவாய் என்று கேட்டதில்லை. சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். அன்று இரவே கேட்டிருக்கலாம். அவன் கேட்டபிறகு இவர் கேட்டால் அது அவன் கேள்விதானே. எச்சில் கேள்வி. அதனால் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள்தான் இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், வாரம் ஒரு தடவை, சோறு போடும்போது, “பார்க்கு எப்ப வருதாம்?” “வரும்.” “எப்ப?” “வரும்போது வரும், சாம்பாரை ஊத்து.” வீடு கட்டிக் குடிவந்த பிறகு தினமும் கேட்டாள். வாசலில் நின்று பொட்டலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒருநாள் லூர்து டீச்சரிடம் கையை நீட்டிக் காட்டினாள்: “அந்தா அந்த மூலைல என் பெஞ்சு வரும்.” என் பெஞ்சு. சிமெண்டே வாங்கவில்லை, என் பெஞ்சு.

அதற்கப்புறம் வந்த மார்ச் மாதம். அங்கேதான் நினைப்பு போய் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும், முள்ளில் வேட்டி மாட்டுகிற மாதிரி. பூங்காவுக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிப் போய்விட்டது. கவுன்சில் மாறிவிட்டது. பூங்காவைப் பற்றிப் பேச ஆளில்லை. கமிஷனரே சொன்னார், பழைய கோப்புகளையெல்லாம் முடித்துக் கட்டுங்கள் என்று. முடிக்கச் சொன்னது இவர் இல்லை. அதை யார் முன்னாலும் சொல்வார். ஆனால் முடிக்கிற கோப்பின் அட்டையில் அதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எழுதவேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். அதை எழுதுகிறவன் கிளார்க். மேலே இருக்கிறவன் அட்டையைத் திறக்காமல் கையெழுத்துப் போடுவான். நிலம் சம்பந்தப்பட்டது, தீர்மானம் இருக்கிறது, பிளான் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு ‘நிரந்தரம்’ என்று போடவேண்டிய கோப்பு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். இவர் பேனாவைத் திறந்தார். அட்டையைப் புரட்டினார். ஏன் புரட்டினார்? புரட்டாமலே எழுதியிருக்கலாம். பிளான் மடிப்பு விரிந்தது, தென்மேற்கு மூலை மேலே வந்தது, அந்தப் புங்கை, நிழல் கோடு, அதன் கீழே பெஞ்சு. மூடினார். ‘மூன்றாண்டு முடிவு’ என்று எழுதினார். எழுத்து நன்றாகத்தான் வந்தது. மத்தியானம் சாப்பிட்டார். மூன்று வருஷம் கழித்து ரெக்கார்டு ரூமைச் சுத்தம் பண்ணும்போது ஒரு வண்டிக் காகிதம் போனது, அதில் அதுவும் போனது. போன அன்றும் சாப்பிட்டார். களைப்பில் கை தவறி எழுதியதாகச் சில நாள் தோன்றும். நானூறு கோப்பு முடித்த மாதம் அது. தவறாதா? தவறாது. மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் சரியாக இருந்தது. எல்லாம் முடிந்து நகராட்சியில் அந்த இடத்துக்குப் பூங்கா என்று சொல்ல ஒரு காகிதம் இல்லாமல் போயிற்று, பலகை ஒன்றைத் தவிர. எல்லாப் பூங்காவும் காகிதம் இருந்ததாலா வந்தது? எத்தனை ஊரில் காகிதம் இருந்தும் வரவில்லை. வந்திருக்காது. எப்படியும் வந்திருக்காது. இதை இவர் தினம் ஒரு தடவை சொல்லிக்கொள்வார், மாத்திரை போடுகிற மாதிரி.

“விஷயம் என்னன்னா சிஸ்டர்.” குரல் தாழ்ந்தது. கோமதிநாயகம் குழாயை முழுக்க மூடினார். தெரிந்தால் தெரியட்டும். “அசல் கோப்பு இல்லேன்னு காட்டினாத்தான் என்கிட்ட இருக்குற நகலைக் கோர்ட்டுல பாப்பாங்களாம். வக்கீல் சொல்றாரு. அதுக்காகத் தகவல் கேட்டு மனு போட்டேன். அழிச்ச கோப்புகளோட பட்டியல் வந்துச்சு. அதுல நம்ம பார்க்கு இருக்கு. மூணு வருஷ முடிவுன்னு போட்டு, பக்கத்துல சாரோட இனிஷியல்.” நகல் வைத்திருக்கிறான். முப்பத்தொரு வருஷமாக அதை வீட்டில் வைத்திருக்கிறான். எதற்கு? எந்த டிராஃப்ட்ஸ்மேன் தான் வரைந்ததற்கெல்லாம் நகல் எடுத்து வீட்டில் வைப்பான்? மாட்டிக்கொண்டோம் என்ற பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அந்த நகல்மேல் எரிச்சல். வடிவு என்ன சொல்லப்போகிறாள்? “அப்படி இருக்காதே சார். அவுக தப்பா எதையும் போடமாட்டாகளே. மளிகைச் சீட்டுக்கே தேதி போட்டு அடியில கையெழுத்து வைக்கிறவுக.” அவன் சிரித்தான். “எனக்குத் தெரியாதா. ஆனா மார்ச் மாசம் சிஸ்டர், கட்டுக் கட்டா வந்து விழும். சாரும் மனுஷன்தானே. கை தவறும்.” “கை தவறுற ஆளு இல்ல சார் அவுக.” “சரி, தவறினதாவே இருக்கட்டும். அதுல என்ன. நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பிளான் போட்டேன், நாலு மாடி. கக்கூஸ் வரைய மறந்துட்டேன். கலெக்டர் கூட்டத்துல விரிச்ச பெறகுதான் பாத்தாங்க.” வடிவு மறுபடி சிரித்தாள். தன் தப்பைச் சொல்லியும் அவனுக்குச் சிரிப்பு கிடைக்கிறது. இவர் நாற்பது வருஷம் தப்பே இல்லாமல் இருந்து என்ன கிடைத்தது? கை தவறுகிற ஆள் இல்லை என்ற ஒரு வார்த்தை. அதுவும் இப்போதுதான் கிடைத்தது, அவனிடம் சொல்லிக் கிடைத்தது, அதையும் அவன் ‘சரி, இருக்கட்டும்’ என்று தட்டிவிட்டான். நான்கு செம்பு தண்ணீரைத் தலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தார்.

உடுத்துவதற்கு வெகுநேரம் ஆயிற்று. வெள்ளைச் சட்டை எடுத்தார், அவனைப் பார்க்க வெள்ளைச் சட்டையா என்று திரும்ப வைத்தார். பழைய சட்டையை எடுத்தார், காலர் கிழிந்ததை அவன் பார்க்கவேண்டுமா என்று அதையும் வைத்தார். கடைசியில் வெள்ளைதான். போய் என்ன சொல்வது? கை தவறிவிட்டது என்று சொல்லவேண்டும். இரண்டு வார்த்தை. சொன்னால் கேஸுக்கு வேலை ஆகிவிடும், இடம் தப்பும், ஒருவேளை பூங்காகூட வரும். வந்தால் வடிவு அங்கே போய் உட்காருவாள். அவன் பெஞ்சில். அவன் காப்பாற்றிக் கொடுத்த, அவன் வரைந்த, அவன் கேட்ட பெஞ்சில் உட்கார்ந்து இவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே பட்டது. ஆள் வயசாகிவிட்டது, முட்டு வலிக்கிறது அவளுக்கு, பாலக் கட்டை உயரம். உட்காரட்டும். கை தவறிவிட்டது. சொல்லிவிடலாம். சீப்பை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

ஞானசிகாமணி எழுந்து நின்று கையைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். “சார். அப்படியே இருக்கீங்களே.” “எங்க அப்படியே.” உட்கார்ந்தார். டீப்பாயில் பித்தளை டபரா, அதன் பக்கத்தில் சுருட்டிய பிளான், ஒரு டைப் அடித்த தாள். வடிவு கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், நல்ல சேலை. “வடிவு எல்லாம் சொன்னாளா,” என்று இவர் யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டார். “நீங்க உள்ள இருந்தே கேட்டிருப்பீகளே,” என்றாள் வடிவு, முகம் மாறாமல். அவன் தாளை நீட்டினான். “ஒரு கையெழுத்து போதும் சார். நானே எழுதி அடிச்சுக் கொண்டாந்துட்டேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு.” வாசித்தார். ‘மேற்படி கோப்பு அப்போதைய பிரிவு எழுத்தரால் தவறுதலாக மூன்றாண்டு முடிவு என வகைப்படுத்தப்பட்டு’. தவறுதலாக. அந்த இடத்தில் கண் நின்றது. கீழே இறங்க மறுத்தது. அவன் முன்னால் குனிந்து, குரலைத் தணித்து, ஆறுதல் சொல்கிறவன் மாதிரி சொன்னான்: “அந்த வார்த்தைக்காக மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சார். யாரும் உங்களைக் கேக்கப் போறதில்ல. நானும் எதுவும் நெனைக்கல. எத்தனையோ வேலைக்கு நடுவுல செஞ்சது. விட்டுருங்க.” விட்டுருங்க. மன்னிக்கிறான். இவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இவர் பெண்டாட்டி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, இவரை மன்னிக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு வடிவு உட்கார்ந்திருக்கிறாள், இன்றுமுதல் இவளுக்கும் புருஷன் கை தவறின ஆள், அவன் பெரிய மனசு பண்ணி விட்ட ஆள். சொல்ல நினைத்தது இரண்டு வார்த்தை. வாயில் வந்தது வேறு.

“இது தப்பு இல்ல.”

“வார்த்தைய மாத்திக்கலாம் சார். கவனக்குறைவுன்னு போட்டா...”

“கவனத்தோடதான் போட்டேன். தெரிஞ்சே போட்டேன். அழியட்டும்னு போட்டேன்.”

வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு சைக்கிளில் போனான். ஞானசிகாமணி டபராவைக் கீழே வைத்தான். இவர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், வடிவு பக்கம் திரும்பவில்லை. திரும்ப அவசரம் இல்லை. அங்கே என்ன வரும் என்று தெரியும்.

“ஏன் சார்?”

“நீ வரைஞ்ச பெஞ்சு.”

“எந்த பெஞ்சு?” நிஜமாகவே கேட்டான். நடிப்பு என்றால் இவருக்குத் தெரியும், முப்பது வருஷம் ஆபீசில் பொய் மனு கொண்டுவந்தவன் முகமெல்லாம் பார்த்தவர். அவன் பிளானை விரித்தான். அம்மோனியாவில் நகலெடுத்த காகிதம் பழுத்துக் கோடெல்லாம் மங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தான். “பதினாலு பெஞ்சு போட்டிருக்கேன். எதுல குறை? அளவு தப்பா? பாதைய மறைக்குதா?”

“தென்மேற்கு மூலை.”

“இதுவா.” விரலை வைத்தான். வடிவு அன்று வைத்த அதே இடத்தில் வைத்தான், ஆனால் அது அவனுக்கு வெறும் விரல். “இதுல என்ன சார்? ஆறடி காங்கிரீட் பெஞ்சு. மத்தது மாதிரியேதான் இருக்கு.” ஒன்றும் புரியாமல் இவரைப் பார்த்தான், வடிவைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான். மறந்துவிட்டான். எல்லாப் பிளானிலும் எல்லாப் பொம்பளையிடமும் கேட்டிருப்பான். வழியில் போகிற பியூனிடமும் கேட்டிருப்பான், நீ எங்கே உட்காருவாய் என்று. அவனுக்கு அது பென்சில் சீவுகிற மாதிரி ஒரு பழக்கம். இதற்காகவா. முப்பத்தொரு வருஷம் இதற்காகவா என்று உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. சந்தோஷமா வெட்கமா என்று பிரிக்க முடியவில்லை. அந்தத் தைரியத்தில் இவர் வடிவு பக்கம் திரும்பினார். அவள் கேட்கட்டும். திட்டட்டும். படுபாவி என்று சொல்லட்டும், அழட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முகத்தைத் தயார்பண்ணிக்கொண்டு திரும்பினார்.

வடிவு இவரைப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களுக்கு ஞாபகம் இல்லையா சார்?” என்றாள்.

“எது சிஸ்டர்?”

“ஒண்ணுமில்ல.”

அந்த ஒண்ணுமில்ல. கோமதிநாயகத்துக்கு அது தெரியும். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் மூன்று தடவை கேட்டிருக்கிறார். அவள் அப்பா செத்தபோது ஆபீஸ் ஆடிட் என்று மறுநாள் போனதற்கு ஒரு தடவை, மற்ற இரண்டும் அதைவிடப் பெரிது. சின்னக் கோபத்துக்கு அவள் கத்துவாள். பெரிய கோபத்துக்குப் பாத்திரம் உருளும். அதற்கும் மேலே போனால்தான் அது வரும், தணிந்த குரலில், ஒரே வார்த்தையாக. அது இவருக்கென்று இருந்தது. வேறு எவனுக்கும், கூடப்பிறந்தவனுக்கும்கூட, அவள் அதைச் சொன்னதில்லை. அவள் எழுந்து வந்து பித்தளை டபராவை எடுத்தாள். அதில் பாதிக் காப்பி இருந்தது. அவன் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. “ஆறிருச்சு,” என்று சொல்லி உள்ளே கொண்டுபோனாள்.

“என்ன சார், நான் ஏதாவது...” என்றான் ஞானசிகாமணி.

“பேனா இருக்கா,” என்றார் கோமதிநாயகம். வாங்கி, ‘தவறுதலாக’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார், மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினார், திருத்தத்துக்குப் பக்கத்தில் முறைப்படி இனிஷியல் வைத்தார், அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். மெதுவாகவே எழுதினார். அடுக்களையில் காப்பியைக் கொட்டுகிற சத்தம் கேட்டது, குழாய் திறந்தது, டபராவைத் தேய்க்கிற சத்தம் நிற்காமல் வந்தது. அவள் வெளியே வந்து தன்னை ஒரு வார்த்தை கேட்பாளா என்று காது கொடுத்தார். கேட்கவேண்டும். பூங்காவைக் கொன்றவன் இவர், எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரு முழு மனைப்பிரிவு சாட்சிக்கு இருக்கிறது. ஆனால் அவள் உள்ளே அவன்மேல்தான் கோபமாக இருந்தாள்.